முந்நூறு இருக்கைகள்

ஆறு வருடம் பூட்டிக் கிடந்து, கிடங்காக மாறவிருந்த தியேட்டரில் இன்று மறுபடியும் பகல் காட்சி. முந்நூறு இருக்கைகளுக்கும் புது உறை தைத்த தையல்காரி கடைசி வரிசையில் கணவனோடு உட்கார்ந்திருக்கிறாள். திரையின் வெளிச்சம் சிவப்பு ரெக்சின் மேல் நீலமாகவும் மஞ்சளாகவும் வழுக்கிக்கொண்டு போகிறது. முன்னாலிருக்கும் இருக்கையில் பருத்த மனிதர் ஒருவர் பொத்தென்று உட்கார, இவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். தையல் தாங்குகிறது. "படத்தப் பாரேன்டி" என்கிறான் கணவன். "இருங்க, இன்னும் ஒரு வரிசை காலியா கெடக்கு." கதவு திறக்கிறது. ஒரு குடும்பமே இருட்டில் தடவித் தடவி வந்து அந்த வரிசையை நிரப்புகிறது. அரங்கம் எதற்கோ குலுங்கிச் சிரிக்க, முந்நூறு முதுகுகளும் ஒன்றாகச் சாய்கின்றன. அவளும் மெல்லச் சாய்ந்துகொண்டு, முதல் தடவையாகத் திரையைப் பார்க்கிறாள். "ஏங்க, அந்த ஆளு எதுக்கு ஓடுறான்?"