யாருக்கு இறகு மெத்தை?

"எனக்கு இறகு மெத்தை. பாப்பாவுக்கு அந்த ஃபோம் பாய் போதும்."

காட்டில் தங்குவதற்கான சாமான்கள் விற்கும் கடையில் மாப்பிள்ளை வாயிலிருந்து அது வந்ததும், கூட வந்திருந்த டயர்க்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. பில் போட உட்கார்ந்த விற்பனைப் பெண்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்.

டயர்க்கடைக்காரரின் தங்கைக்கு மறுகல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் கணவர் இறந்த நாளிலிருந்து அவளையும் அவள் மகளையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர் இந்த அண்ணன்தான். இப்போது புது மாப்பிள்ளை, பத்து வயதுப் பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப்போய், மரத்துக்கு மரம் துணி ஊஞ்சல் கட்டித் தூங்க வைக்கப் போகிறாராம்.

"அண்ணன் உங்களோட கடைக்கு வரட்டும். அவர் சரின்னா பாப்பாவை அனுப்புறேன். இல்லேன்னா கிடையாது" என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். பாப்பாவோ இந்தப் பயணத்தை நினைத்தே நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்; கடைக்கும் கூடவே வந்திருந்தாள்.

"ஏம்மா, ஊஞ்சலுக்கு எதுக்கு மெத்தை? மேல நல்லா போர்த்திக்கிட்டாப் பத்தாதா?" டயர்க்கடைக்காரர் விற்பனைப் பெண்ணைக் கேட்டார்.

"பத்தாது சார். தொங்குறதால அடியில காத்து ஓடிக்கிட்டே இருக்கும். முதல்ல முதுகுதான் விறைக்கும். இறகு மெத்தையை ஊஞ்சலுக்கு வெளியே, அடியில கட்டிட்டோம்னா கதகதன்னு இருக்கும்."

"அப்ப ஃபோம்?"

"அதை உள்ளே விரிச்சுப் படுக்கணும். குளிர் தாங்கும், ஆனா அந்தச் சுகம் வராது சார்."

டயர்க்கடைக்காரர் ஃபோமை விரலால் கிள்ளிப் பார்த்தார். மாப்பிள்ளை அதற்குள் தார்ப்பாய்ப் பக்கம் போயிருந்தார்.

"எனக்குச் சின்னது போதும். பாப்பாவுக்கு நாலு பக்கமும் தரை வரைக்கும் மூடுற மாதிரி ஒண்ணு கொடுங்க."

"என்ன மாப்ளே, ரெண்டு தார்ப்பாய்? பிள்ளை தனியாவா படுக்கும்?"

"பக்கத்து மரம்தான் மச்சான். மெல்லக் கூப்பிட்டாலே எனக்குக் கேட்கும்."

"நீங்க இறகுல குறட்டை விட்டுட்டுக் கிடப்பீங்க. எங்கேருந்து கேட்கப் போகுது?"

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"சரி மச்சான். எனக்கும் ஃபோமே போதும். இறகு வேண்டாம்மா, எடுத்து வெச்சிடுங்க."

"எதுக்கு எடுத்து வைக்கணும்? அதைப் பாப்பாவுக்குக் கட்டுங்க!"

"இல்ல மச்சான். அவளுக்கு ஃபோம்தான். ரெண்டு பாயை அடுக்கி விரிச்சா குளிராது."

"அதான் ஏன்னு கேட்கிறேன்."

மாப்பிள்ளை தார்ப்பாயின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார், ஏதோ அதில்தான் பதில் ஒட்டியிருக்கிற மாதிரி.

டயர்க்கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. சொந்தப் பிள்ளையாக இருந்தால் இப்படிச் செய்வாரா? தனக்கும் இல்லாமல், பிள்ளைக்கும் இல்லாமல், இது என்ன வீம்பு?

"பாப்பா, நீ சொல்லும்மா. மாமா வாங்கித் தர்றேன். உனக்கு இறகுதானே வேணும்?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். "வேணாம் மாமா."

"யாரு உன்னை இப்படிச் சொல்லச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன் மச்சான்" என்று குறுக்கே வந்தார் மாப்பிள்ளை. "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அவ்வளவு வசதின்னு நான்தான் சொன்னேன். அவளை விட்டுடுங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விற்பனைப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்படியா சங்கதி! இதோ, இப்பவே என் தங்கச்சிகிட்ட சொல்றேன். நீங்களும் உங்க காடும்!"

டயர்க்கடைக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நைட் டியூட்டி பார்த்துவிட்டு வரும் தங்கை, பகலில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள்.

பாப்பா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவரை ஷூ அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவரைத் திட்டாதீங்க மாமா. இறகு நனைஞ்சா லேசுல காயாது. ஃபோம்னா துடைச்சிட்டாப் போதும்."

"நனையக் கூடாதுன்னுதானே மேல தார்ப்பாய் கட்டுறாங்க?"

"மழையைச் சொல்லல மாமா." அவள் எட்டி அவர் காதருகே வந்தாள். "தூக்கத்துல எனக்கே தெரியாம... சில நாள்... பெட்டை நனைச்சிடறேன். அம்மா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள பெட்ஷீட்டை அவரே துவைச்சுக் காயப் போட்டுடுவார். தார்ப்பாய் மூடியிருந்தா நான் உள்ளேயே டிரஸ் மாத்திக்கலாம்னு சொன்னார். யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கார். இந்த அப்பாவுக்கு மட்டும்தான் மாமா தெரியும்."

டயர்க்கடைக்காரர் அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்தார். மாப்பிள்ளை கல்லா முன்னால், குற்றம் செய்தவர் மாதிரி, கடையில் இருந்தவர்களின் பார்வையை வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

போனில் மணிச் சத்தம் நின்றது.

"அண்ணா?" தங்கை தூக்கக் கலக்கத்தில் பதறினாள். "என்ன அண்ணா? அவர் ஏதாவது ஏடாகூடமா வாங்குறாரா? பாப்பாவை அனுப்பலாமா, வேண்டாமா?"

டயர்க்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாராளமா அனுப்பும்மா. என் கண்ணுல படாததைக்கூட உன் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வாங்குறார்."