பூண்டுப் பயிற்சி

"ஐயா, உடம்பு தேறுனதும் என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

பக்கவாதத்தில் வலது கை செயலிழந்து, கொடைக்கானலில் எங்கள் மறுவாழ்வு வார்டுக்கு வந்திருந்த சின்னக்கருப்பனிடம் கேட்டேன். இலக்கை நோயாளியே சொல்ல வேண்டும் என்பது எங்கள் முறை.

"முன்ன மாதிரி கை நீட்டணும் தாயி."

அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

"அவரு நடந்தாப் போதும் சிஸ்டர். கைக்கு என்ன சோலி கெடக்கு? பூண்டுக் காட்டை நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர் மனைவி பொன்னுத்தாய்.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா?" என்று கடிந்துகொண்டேன்.

தினமும் பத்து முறை பயிற்சி. பொன்னுத்தாய் எதிரே உட்கார்ந்து, தன் முகத்துக்கு நேராக ஒரு பூண்டைப் பிடிக்க வேண்டும். சின்னக்கருப்பன் கையை நீட்டி அதைத் தொட வேண்டும். அந்த அம்மாவோ நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார். 'குடும்ப ஒத்துழைப்பு குறைவு' என்று குறித்தேன். எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியவில்லையோ என்ற சந்தேகமும் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள், நாற்காலியை நானே இழுத்து நெருக்கமாகப் போட்டேன்.

"வெரசா நீட்டுங்கய்யா, பாப்போம்!"

நீட்டினார். பூண்டு வார்டின் மறுகோடியில் போய் விழுந்தது. பொன்னுத்தாயின் கன்னத்தில் நான்கு விரல் தடங்கள் சிவந்திருந்தன.

"நடந்தாப் போதுமாம்ல?" என்றார் சின்னக்கருப்பன்.

பொன்னுத்தாய் அழவில்லை. எழுந்து போய்ப் பூண்டை எடுத்து வந்து, மறுபடியும் எதிரே உட்கார்ந்தார்.

"எழுதிக்கங்க சிஸ்டர். முன்ன மாதிரியே இருக்கு."