அரிசி டிரம்மில் மாம்பழ வாசனை

அம்மாவின் கை அரிசிக்குள் முழங்கை வரை போய்விட்டது.

மகள் அடுப்படி வாசலில் நின்றாள். கண் அந்தக் கையிலேயே இருந்தது.

“பழுத்துருச்சு போல பாப்பா. கமகமன்னு வருது.”

கொல்லை மரத்துச் செந்தூரா மாங்காய். பழுக்கட்டும் என்று நேற்றுதான் அம்மா காய்களை அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்தாள்.

ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கல். இன்னொன்று. அதுவும் கல். மோந்து பார்த்தாள். காயில் மணம் இல்லை. டிரம்முக்குள் தலையை விட்டாள். அங்கே மணந்தது.

“இதென்னடி கூத்து?”

கூத்துதான். அந்த மணம் மரத்தில் காய்த்ததல்ல.

டிரம்மின் அடியில், பாலித்தீன் பையில் சுற்றி, விரல் நீளத்தில் ஒரு வேப் கிடந்தது. பேட்டரியில் ஓடும் சிகரெட். மாம்பழ வாசனை ஊட்டியது. மகளுடையது. ஒழுகியிருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் விடுதியிலிருந்து லீவுக்கு வந்த அன்றே அவள்தான் அதை அங்கே புதைத்தாள். எறிந்துவிடத்தான் ஏரிக்கரை வரை போனாள். கை மாட்டேன் என்றது. சரி, வீட்டிலேயே காவல் கெட்டியான இடம் எது? அம்மா விட்டு நகராத அடுப்படி. அங்கே வைத்தால் நினைத்தபோது எடுக்க முடியாது. பெரிய கெட்டிக்காரி. அதன் தலையிலேயே அம்மா மாங்காயைக் கொண்டுவந்து வைப்பாள் என்று யார் கண்டது?

வெறும் சிகரெட் என்றால் தொட்டிருக்கவே மாட்டாள். அப்பாவின் பீடி நாற்றத்துக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள்.

இது பழமாக வந்தது.

விடுதி மொட்டைமாடி. யாருக்கோ பிறந்தநாள். கேக் தின்ற வாயோடு சும்மா ஒரு இழுப்பு. நாக்கில் மாம்பழம். தலைக்குள் யாரோ விளக்குப் போட்டார்கள்.

விட முடியாமல் போய் நின்றபோது கல்லூரி மருத்துவர் சொன்னார். இனிப்பு முன்னால் வந்து கதவைத் தட்டும். நிகோடின் பின்னாலேயே நுழைந்துவிடும். நாளாக ஆக மூளைக்கு இரண்டும் ஒன்றாகிப்போகும். அப்புறம் வாசனை மட்டும் வந்தாலே போதும், மற்றதையும் கொடு என்று மூளை அடம்பிடிக்கும்.

தலையாட்டிவிட்டு வந்தாள். புரிந்தது இந்த வாரம்தான்.

மரத்திலேயே பழுத்து விழுந்த முதல் பழத்தை அம்மா நறுக்கித் தந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டாள். இனித்தது. தலைக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்து கேட்டது.

சரி, மீதி எங்கே?

பழம் போதவில்லை.

மாங்கொட்டைக்காகத் தம்பியின் தலைமயிரைப் பிடித்து உலுக்கியவளுக்கு, சொந்த மரத்துப் பழம் போதவில்லை.

உடம்புக்குச் சூடு என்று சொல்லித் தட்டைத் தள்ளிவைத்தாள். கொல்லைக்குப் போய் அழுதாள். அழுது முடித்தபோது மிஞ்சியது கோபம். வேப்புக்குப் பழ வாசனை ஊட்டிய, முகம் தெரியாத எவனோ ஒருத்தன் அவள் வாயிலிருந்த மாம்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

அம்மா மறுபடி டிரம்மிடம் குனிந்தாள். “இரு, அடி வரைக்கும் கெளறிப் பாத்தர்றேன்.”

“நான் பாக்கறேன்மா.”

முந்திக்கொண்டு கையை விட்டாள். அரிசி சில்லென்றிருந்தது. விரலில் பை தட்டுப்பட்டது. உள்ளங்கைக்குள் வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

தலைக்குள் அது பேச ஆரம்பித்தது. தேனொழுகப் பேசும். துப்பட்டாவில் மறைத்துக்கொள். அம்மா பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று. நாளையிலிருந்து வேண்டாம்.

அம்மா உண்மையிலேயே பார்க்கவில்லை. காய்களை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போடா, என்றாள் மனதுக்குள்.

மறு கையால் ஒரு காயை எடுத்தாள். தோலோடு கடித்தாள்.

“அடியே, காய்டி அது!”

காய்தான். புளிப்பு பல்லின் வேர் வரை இறங்கியது. காது கூசியது. காம்புப் பால் உதட்டில் எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

தலைக்குள் பேச்சு நின்றுபோயிற்று. இந்தச் சுவை அதற்குத் தெரியாது. இதை யாரும் அதற்கு ஊட்டிப் பழக்கவில்லை.

கொஞ்ச நேரம்தான். சாயங்காலமே மறுபடி ஆரம்பிக்கும். அவளுக்குத் தெரியும். ஆரம்பிக்கட்டும். காய்க்கா பஞ்சம்?

இன்னொரு கடி கடித்தாள்.

பிறகு அரிசியிலிருந்து கையை எடுத்தாள். பையைப் பிரித்தாள். அடுப்பு மேடையில், காய்களுக்கு நடுவில் வைத்தாள். அத்தனை பச்சையிலும் அது ஒன்றுதான் பழுத்த மஞ்சளாக இருந்தது.

“இதுதாம்மா மணக்குது.”

அம்மா அதை எடுத்து மோந்து பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் அடுப்புப் பக்கம் போனது.

எத்தனை பீடிக்கட்டைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டிருப்பாள். போடப் போட அப்பா வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அம்மா வேப்பை மேடையிலேயே திரும்ப வைத்தாள். அரிவாள்மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு காயைக் கீறினாள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள். ஒரு கீற்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

“மரத்துல இன்னும் நெறையக் கெடக்குது பாப்பா.”

அது மேடையில் மணந்துகொண்டே கிடந்தது.

மகள் அதைத் தாண்டிக் கையை நீட்டி, அடுத்த காயை எடுத்தாள்.