மாசாணத்தின் அனுமதி

செத்துப்போன உறுமிக் கலைஞர் மாசாணம், ஆவணப்படத்தில் செயற்கை நுண்ணறிவின் தயவில் உயிர்பெற்று, கட்சித் துண்டு போட்டுத் தேர்தல் மேடையில் உறுமி அடித்துக்கொண்டிருந்தார். அரங்கில் இருந்த அவர் மகன் வெள்ளியங்கிரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றார்.

"எங்கப்பன் சாமிக்கு அடிப்பாரு, சாவுக்கு அடிப்பாரு. ஓட்டுக்கு அடிச்சதில்லீங்க. படத்த நிறுத்துங்க."

இயக்குநர் சிரித்தார். "அவருகிட்டயே அனுமதி வாங்கியாச்சு. வேணும்னா நீங்களே கேளுங்க."

திரையில் மாசாணம் உறுமியை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். "உக்காருடா. உனக்கென்ன அரசியல் தெரியும்?"

அரங்கம் கைதட்டியது.

"எங்கப்பன் மூஞ்சிய மாட்டிக்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல நீ யாருடா?" என்றார் வெள்ளியங்கிரி, திரையைப் பார்த்து.

பக்கத்தில் இருந்த தங்கை பொன்னாத்தாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாலு பேரு முன்னால அப்பன வாடா போடாங்கறயேண்ணா. மன்னிப்புக் கேளு."