கேன் தண்ணீரில் போட்ட காப்பி

“கேன் தண்ணியிலதானுங்க போட்டிருக்கேன். பயப்படாமக் குடிங்க.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பியோடு இதையும் சேர்த்துக் கொடுப்பது ஆறு வருடப் பழக்கம். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரிடம் சொன்னாள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் சொன்னாள். இன்றைக்கு மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வேலாத்தாள் டம்ளரை உதட்டருகே நிறுத்தினாள்.

“ஏனுங்க, உங்க கிணத்துத் தண்ணிக்கு என்ன?”

பெண்ணின் அப்பா ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையின் சித்தப்பாதான் வாயைத் திறந்தார். பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற வியாதி அவருக்கு.

“சாயத்தண்ணி ஊருன்னு போட்டிருந்தாங்களே அண்ணி, அது இந்த ஊருதான். ஒரு பொம்பளை வாராவாரம் தண்ணியப் புடிச்சு அளந்து எழுதறாங்கன்னு... அது நீங்கதானுங்களா?”

அவள்தான்.

ஞாயிறு தவறாமல் பாட்டிலும் மீட்டருமாகக் கிளம்பிவிடுவாள். ஆற்றோரம் ஐந்து இடம், ஊருக்குள் பதினோரு கிணறு. அளந்ததை நோட்டில் எழுதி, தண்ணீரைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த முடிவை மனுவோடு இணைத்து அதிகாரிகளுக்குக் கொடுப்பாள். ஆற்றில் சாயம். கிணறுகளில் ஈயம். அவள் வீட்டுக் கிணற்றில்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

அதிகாரிகள் பார்க்கிறோம் என்றார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். ஊர் மானத்தை வாங்குகிறாள் என்று அக்கம்பக்கம் பேச்சை நிறுத்தியது.

மகள் சுகன்யாவுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. இதற்கு முன் வந்த நான்கு இடமும் ஜாதகத்தைச் சொல்லித் தட்டிப்போயின. வாசல் ஏறி வந்தது இந்த இடம்தான். இதுவும் போனால் அவ்வளவுதான்.

கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையின் சரசரப்பு நின்றது.

“நாளைக்கு எங்கூட்ல புள்ளை பெறப்போறவ,” என்றாள் வேலாத்தாள். “நீங்களே சொல்லீருங்க. எழுதுனதெல்லாம் நெசமா?”

ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆறு வருடமாக மைக் பிடித்துச் சொன்ன வார்த்தை.

கதவுப் பக்கம் பார்த்தாள்.

“அதெல்லாம் சும்மாங்க. பட்டறைக்காரங்களோட ஒரு சின்னத் தகராறு. கோவத்துல கூட்டி எழுதிட்டேன். தண்ணி நல்ல தண்ணிதானுங்க.”

சிரித்தும் வைத்தாள்.

வேலாத்தாளும் சிரித்தாள்.

“அப்பச் சரி. ஒரு சொம்பு மோந்துட்டு வாங்க.”

சமையலறையில் கேன் இருந்தது. அதிலிருந்து ஊற்றிக்கொண்டு போனால் யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் சித்தப்பா கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே வந்து நின்றார். கிணற்றுக்குத்தான் போனாள்.

வாளி ஏறி வந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஈயத்துக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவளே அவள்தான்.

கூடத்துக்கு வந்ததும் தன் வாய்க்குத்தான் சொம்பைக் கொண்டுபோனாள்.

“நீங்க எதுக்குங்க அம்மிணி? எங்கூட்டுக்கு வரப்போறது நீங்களா?” வேலாத்தாளின் குரலில் கடுகளவும் கோபமில்லை. “பொண்ணக் கூப்புடுங்க. உங்க கையாலயே குடுங்க. விசம்னு தெரிஞ்சா எந்தத் தாயாச்சும் பெத்த புள்ளைக்குக் குடுப்பாளா?”

“அதானே,” என்றார் சித்தப்பா.

மாப்பிள்ளை செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

சுகன்யா வந்து நின்றாள்.

இந்தத் தண்ணீரில் அவளை வாய் கொப்பளிக்கக்கூட விட்டதில்லை. ஒருநாள் மறந்துபோய்ப் பல் துலக்கிவிட்டாள் என்று, இருபத்தேழு வயதுப் பெண்ணைக் கை நீட்டி அடித்திருக்கிறாள்.

சொம்பை நீட்டினாள்.

சுகன்யா வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்பதுபோல் பார்த்தாள்.

“குடி கண்ணு.”

சுகன்யா வாங்கி அண்ணாந்தாள்.

வேலாத்தாள் பெண்ணைப் பார்க்கவே இல்லை. தாயின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் சிரித்தபடி நின்றாள். போதும் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது. புருஷன் ஃபேனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மகளின் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பாதியில் நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

சொம்பு காலியானது.

“பொண்ணப் புடிச்சிருக்கு,” என்றாள் வேலாத்தாள். “சொன்னாச் சொன்னபடி கேக்கறா.”

சுகன்யா உதட்டைத் துடைத்தாள். காலிச் சொம்போடு பின்பக்கம் போனாள். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. நிறைந்த சொம்போடு திரும்பி வந்தவள் நேரே வேலாத்தாளிடம் போய் நீட்டினாள்.

“நீங்களும் குடிங்க அத்தை.”

வேலாத்தாளின் கை எழவில்லை.

“எனக்கு வெளியூர்த் தண்ணி சேராது கண்ணு.”

சொம்பை மெல்ல ஒதுக்கிவிட்டு, கொண்டுவந்த பூவை எடுத்துச் சுகன்யாவின் தலையில் வைத்தாள்.

தாய்க்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு வருடத்தில் அவள் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் நம்பிய முதல் மனுஷி இவள்தான்.

“நாள் பாத்தரலாங்களா சம்பந்தி?” என்று கேட்டாள் வேலாத்தாள்.

“பாத்தரலாங்க,” என்றாள் அவள்.