எண்பத்திரண்டு

கடைசியான பதினெட்டாவது குழிக்கு முன்னால் இருந்த நெட்டைப் புல்லில் பந்தைக் கண்டதும் இஷ்பெல் கோவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது.

கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது; இதுவரை மட்டையால் எழுபத்தொன்பது அடி அடித்தாயிற்று. இன்னும் மூன்றில் முடித்துவிட்டால் எண்பத்திரண்டு.

அவளுக்கு வயது எண்பத்திரண்டு.

தன் வயது எத்தனையோ அத்தனை அடியில் ஓர் ஆட்டத்தை முடிப்பது. வயதான கோல்ஃப்காரர்கள் எல்லோருக்கும் இருக்கும் ஆசைதான். அவள் எழுபத்தாறு வயதிலிருந்து முயல்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வயது ஒன்று கூடியது. அடிகள் இரண்டு கூடின.

இன்று மட்டும் என்னவோ எல்லாம் கூடி வந்திருந்தது. சில வாரங்களாக மழையில்லை. காய்ந்த தரையில் பந்து தானாகவே ஓடியது. வடகடல் அதிசயமாகக் காற்றை அடக்கிக்கொண்டிருந்தது.

இனி இப்படியொரு நாள் கிடைக்காது. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இந்தக் கோடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் மட்டையைப் பந்துக்குப் பின்னால் ஊன்றினாள். புல் அமுங்கியது. பந்து ஒரு விரலளவு உருண்டு நின்றது.

அப்படித் தன்னால் அசைந்தால் விதிப்படி கணக்கில் ஓர் அடி கூடும். பந்தைப் பழைய இடத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பந்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். அறுபது வருடப் பழக்கம், கை செய்துவிட்டது.

வாய்தான் திறக்கவில்லை.

நிமிர்ந்தபோது, சற்றுத் தள்ளி நெட்டா நின்றுகொண்டிருந்தாள். முகம் நேராக இவளைப் பார்த்திருந்தது.

நெட்டா அவளுடைய நாத்தனார், இறந்துபோன கணவனின் தங்கை. இஷ்பெலின் ஆட்டத்துக்குக் கணக்கு வைப்பவளும் அவள்தான். நெட்டா முன்னால் தப்பாட்டம் ஆட ஊரில் ஒருவருக்கும் துணிவு கிடையாது. கோப்பைக்கான ஆட்டத்தில் சொந்த அண்ணனின் மட்டை விதிக்கு மாறாக மணலில் உரசியதை எல்லோர் முன்னாலும் சொல்லி, அவனைத் தோற்கவைத்தவள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் வான்கோழியை மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றார்கள்.

அவள் இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இஷ்பெல் அடித்தாள். பந்து தாழ்வாகப் பறந்து, தரையில் விழுந்து, உருண்டு உருண்டு குழியைச் சுற்றியிருந்த பச்சைத் தரையில் ஏறிக் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. பக்கத்துக் கிளப் கட்டடத்தின் ஜன்னலுக்குள், அவள் கணக்கைக் கேள்விப்பட்டுக் காத்திருந்தவர்களில் யாரோ நாற்காலியைத் தள்ளி எழுந்தார்கள்.

எண்பது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொடியை நோக்கி நடந்தாள். பின்னால் நெட்டாவின் மட்டைத் தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. சொல்லடி, சொல்லித் தொலை என்று இஷ்பெல் மனதுக்குள் கெஞ்சினாள். அவள் சொல்லிவிட்டால் இவள் ஒன்றும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

உருட்டிய பந்து குழியின் விளிம்பில் தயங்கி நின்றது. எண்பத்தொன்று.

அடுத்ததில் விழுந்தது.

ஜன்னல் கண்ணாடியை உள்ளேயிருந்து தட்டினார்கள். ஒருவர் விஸ்கி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். இஷ்பெல் குனிந்து பந்தை எடுக்கவில்லை, முடியவில்லை.

நெட்டா வண்டியை நிறுத்தினாள். ஒவ்வொரு குழியிலும் கேட்ட அதே தட்டையான குரலில் கேட்டாள்.

"எத்தனை?"

முகம் மறுபடியும் நேராக இஷ்பெலைப் பார்த்திருந்தது. கண்ணை எடுக்கவில்லை. கோப்பை ஆட்டத்தன்று அண்ணனைப் பார்த்ததும் இப்படித்தான். அந்தப் பார்வைக்கு எதிரே இஷ்பெலால் பொய் சொல்ல முடியவில்லை.

"அஞ்சு. புல்லுல என் மட்டை பட்டு பந்து நகந்துடுச்சு, அந்த ஒண்ணையும் சேத்து."

அப்படியானால் எண்பத்துமூன்று என்று நெட்டா மெல்லச் சொன்னாள். அவள் குரலில் கண்டிப்பு இல்லை. வருத்தம்தான் இருந்தது.

அது இஷ்பெலுக்கு எரிச்சலை மூட்டியது. பார்த்துக்கொண்டு நின்றாயே, அப்போதே சொல்லியிருக்கலாமே, இவ்வளவு தூரம் என்னை நடக்கவிட்டு வேடிக்கை பார்த்தாயா என்று கேட்டாள்.

"நான் எங்கடி பாத்தேன்?" என்றாள் நெட்டா. "ஈஸ்டர்லேருந்து எனக்குப் பந்தே தெரியல. நீ நிக்கிறது மட்டும் மங்கலாத் தெரியும். சத்தம் வர்ற பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்பேன்."

கிளப்பில் யாருக்கும் சொல்லவில்லையாம். தெரிந்தால் கணக்கு வைக்க விடமாட்டார்கள் என்று பயமாம். வியாழக்கிழமை ஆட்டமும் இல்லையென்றால் வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்வது என்றாள்.

பிறகு கையை நீட்டி இஷ்பெலின் தோளைத் தேடிப் பிடித்தாள்.

"வேற யாரோடயாவதுன்னா எப்பவோ விட்டிருப்பேன். நீ சொல்றதைத்தான் கூட்டிக்கிட்டு வர்றேன். உன் ஆட்டத்துக்கு எதுக்குடி கண்ணு?"

உன் பார்வைக்குப் பயந்துதான் சொன்னேன் என்பது இஷ்பெலின் வாய்வரை வந்து நின்றது.

ஜன்னலில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. பாட்டிலைத் திறந்தேவிட்டார்கள்.

நெட்டாவின் கையைத் தோளிலிருந்து எடுத்துத் தன் முழங்கைக்குள் செருகிக்கொண்டாள். இருவரும் மெதுவாகக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள்.

"படி வருது, பாத்து," என்றாள் இஷ்பெல்.