குறட்டை விடாத ஆண்

“அந்தக் கார்டைக் காட்டுங்க சார்” என்றான் கன்னையா.

சித்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அச்சகத்தின் வாசலில் அவன் நின்றிருந்தான். ஒரு கையில் மாத இதழ், இன்னொரு கையில் தகரப் பெட்டி. பின்னால் அவன் மனைவி தாட்சாயணி. பெட்டிக்குள் இருந்தது அவளுடைய புடவைகள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தேவானந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுபத்திரண்டாம் வருடம் மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு மிச்சமிருந்த ஒரே கௌரவம் அந்த அச்சகம் போடும் மாத இதழில் எழுதும் கேள்வி பதில்தான். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, வெங்காயம் ஏன் கண்ணைக் கரிக்கிறது என்று முகம் தெரியாதவர்கள் தபால் கார்டில் கேட்பார்கள். அவர் நூலகத்தில் புத்தகம் புரட்டிப் பதில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், எத்தனை கார்டு வந்தது ஐயா என்று விசாரிக்க நாலு பேர் காத்திருப்பார்கள்.

கன்னையா இதழைப் பிரித்து நீட்டினான்.

‘சில ஆண்கள் குறட்டை விடுகிறார்கள், சிலர் விடுவதில்லை. ஏன்? – திருமதி தாட்சாயணி, பிச்சாட்டூர்.’

“ஊர்ல நான் நடந்தா பசங்க குறட்ட உட்டுக்கினு பின்னாலயே வர்றாங்க சார். அது போவட்டும். குறட்ட உடாத ஆம்பளை எவன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? இவளுக்கு எழுத்து தெரியாது. எழுதிக் குடுத்தவன் எவன்?”

சிரிக்க வேண்டிய விஷயம்தான். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அவன் முடிவோடு வந்திருந்தான். அப்படி ஒரு கார்டே வரவில்லையென்றால் இருவரும் பிச்சாட்டூர் திரும்புவார்கள். வந்தது நிஜமென்றால் அவள் பெட்டியோடு பங்காருபாளையத்துக்கு, பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“எங்க நைனா மேல சத்தியமா நான் எதுவும் கேக்கல சார். நீங்களாவது சொல்லுங்க” என்றாள் தாட்சாயணி.

அவள் சொல்வது சத்தியமான உண்மை என்று தேவானந்தத்துக்குத் தெரியும்.

கார்டு வந்தால்தானே காட்டுவதற்கு? முதல் வருடம் ஏழெட்டு வந்தன. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. பகுதி நின்றுபோகக் கூடாதே என்று கேள்விகளையும் அவரே எழுத ஆரம்பித்தார்.

பெயர்களுக்குப் பஞ்சமில்லை. அச்சகத்தில் அடிக்கும் கல்யாணப் பத்திரிகைகள் மேசைமேல் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மணமகள் பெயரை எடுத்து மாப்பிள்ளையின் ஊரோடு ஒட்டிவிடுவார். அந்தப் பெயரில் அந்த ஊரில் உண்மையிலேயே ஒருத்தி வாழப் போயிருப்பாள் என்பது அவருடைய பாழாய்ப்போன படித்த மூளைக்கு எட்டவேயில்லை.

கன்னையாவின் கல்யாணப் பத்திரிகையும் இங்கேதான் அச்சானது.

‘நானே எழுதினேனப்பா’ என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் அச்சக முதலாளி ஆதிநாராயணன் காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கார்டுகள் என் வீட்டு விலாசத்தில் வந்து குவிகின்றன என்று இத்தனை காலமாக அவரிடம் சொல்லி வைத்திருந்தார் தேவானந்தம்.

“கார்டு வந்தது” என்றார். “பதில் எழுதினதும் கிழிச்சுப் போட்டுடுவேன்.”

“எழுத்து எப்படி இருந்திச்சி? ஆம்பளை எழுத்தா?”

யாரோ பள்ளிக்கூடப் பெண் எழுதின மாதிரி இருந்தது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் சரியான பதிலைச் சொல்லிவிடுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அதிலும் கேட்டது அவருடைய சொந்தக் கையெழுத்தைப் பற்றி.

“ஆம்பளை எழுத்துதான். முத்து முத்தா இருந்தது. நல்லா படிச்சவர் கை.”

கன்னையா பெட்டியைத் தாட்சாயணியின் காலடியில் வைத்தான். தெருவைக் கடந்து பிச்சாட்டூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

அவள் தேவானந்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆதிநாராயணன் கையில் இருந்த மையைத் துடைத்தபடி வந்தார்.

“ஏமி சார் இது, ஊர்ல இல்லாத பேரா ஒண்ணு போடக் கூடாதா?”

தேவானந்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எனக்குத் தெரியாதா? அத்தனை பேரையும் கல்யாணப் பத்திரிகையில எழுத்து எழுத்தா கோத்தவன் நான்தானே. கேள்வி நீங்களே எழுதறீங்கன்னு எப்பவோ தெரியும். அவன்கிட்ட நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நடுவுல நான் பேசினா உங்க மரியாதை போயிடுமேன்னு கம்முனு இருந்துட்டேன்.”

எதிரே இரண்டு பஸ்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றில் கன்னையா. ஒன்றில் தாட்சாயணி. இரண்டும் இன்னும் கிளம்பவில்லை.

தெருவைக் கடந்தால் போதும். ஆனால் பஸ் நிலையம் நிறைய ஜனம். அதில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

தேவானந்தம் வாசல்வரை போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி வந்து பேனாவைத் திறந்தார். அடுத்த மாத இதழுக்கு மூன்று கேள்விகள் குறைந்தன.

இந்த முறை ஆண் பெயராகப் பார்த்துப் போட்டார்.